அடித்துவிட்டு எழுதிய முகவரி

(சேலம் குகைப் பகுதியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தெருக் கும்பல்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்கு முன் ஒரு தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன மாதம், என்னிடம் படித்த பையன் ஒருவன் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். முகவரி இருக்கும் இடத்தில் தன் தெருப் பெயரை அடித்துவிட்டு, மேலே வேறு மையில் அத்தை வீட்டு முகவரியை எழுதியிருந்தான். ஏனப்பா என்றேன். "இரண்டு இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் பேசினார்கள் ஐயா. எந்தத் தெரு என்று கேட்டார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றுவிட்டார்கள்" என்றான். இரண்டு கோஷ்டிகள் வெட்டிக்கொண்டதாகப் பத்திரிகையில் வந்த தெரு அது. அவன் எந்தக் கோஷ்டியிலும் இல்லை. அங்கே பிறந்திருக்கிறான், அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸின் கதையும் முகவரியில்தான் தொடங்குகிறது. இன்ன தெருவில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று அங்கே கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஷரத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் சொன்னது. தீர்ப்பு வந்தது, எல்லை அப்படியே நின்றது. எல்லை தாண்டிய கறுப்பினப் பையன்களை வெள்ளை இளைஞர் கும்பல்கள் மடக்கி அடித்தன. அந்த அடிக்குத் தப்பவே இவர்கள் கூட்டு சேர்ந்தார்கள்.

1965-இல் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் என்ற பகுதி கலவரத்தில் ஆறு நாள் பற்றி எரிந்தது. 34 பேர் செத்தார்கள். அதன் பிறகு இளைஞர்கள் அரசியல் அமைப்புகளின் பக்கம் போனார்கள். அந்த அமைப்புகளைக் காவல்துறை நொறுக்கியது. வெறுமையான அந்தத் தெருவில், அறுபதுகளின் கடைசியில், ரேமண்ட் வாஷிங்டன் என்ற பள்ளிப் பையன் திரட்டிய கும்பல்தான் பின்னாளில் கிரிப்ஸ் ஆயிற்று. அதை எதிர்த்து 1972-இல் பிளட்ஸ். அவர்களுக்கு நீலக் கைக்குட்டை, இவர்களுக்குச் சிவப்பு. வாஷிங்டனை 1979-இல் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 25.

அடுத்த வருஷம் அங்கிருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை மூடப்பட்டது. 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை. அப்பன் வேலை பார்த்த ஆலையில் மகன் நுழைய முடியவில்லை. அதே பத்தாண்டில்தான் கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருள் தெருவுக்கு வந்தது. நம் உருக்காலையும் தறிப் பட்டறைகளும் ஒரே சமயத்தில் பூட்டப்பட்டால் இந்த ஊர் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். 1992-இல் மட்டும் அந்த நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள். செத்தவர்களில் கும்பலோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்களும் இருந்தார்கள். கொலைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் கும்பலைப் பிடிக்கப் போட்ட வலையையும் பாருங்கள். கும்பல்காரர்கள் என்று காவல்துறை சந்தேகிப்பவர்களைக் கலிபோர்னியாவில் ஒரு கணினிப் பட்டியலில் ஏற்றி வைத்திருந்தார்கள். 2016-இல் மாநிலத் தணிக்கை அதிகாரி அதைப் புரட்டினார். பதிவானபோது ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள் என்று பட்டியல் காட்டிய பெயர்கள் 42. அவர்களில் 28 பேர், தாங்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியிருந்தது! பால் குடிக்கிற குழந்தையின் ஒப்புதல் வாக்குமூலம், தாய்மார்களே. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நான் சொல்வதைத் தம்பிகள் கவனிக்க வேண்டும். 1992 ஏப்ரலில் வாட்ஸின் எதிரிக் கும்பல்கள் தாமாகவே உட்கார்ந்து சமாதானம் பேசின. சமாதானத்தை எப்படி எழுதுவது? அவர்களுக்குத் துணை நின்ற ஒருவர் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்த் தேடினார். 1949-இல் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் ஏற்பட்ட போர்நிறுத்த ஒப்பந்தம் கிடைத்தது. அதை முன்மாதிரியாக வைத்துத் தங்கள் தெருவுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தப் பழைய ஒப்பந்தத்துக்கு நடுவராக இருந்த ரால்ஃப் பன்ச், தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளிக்குப் போன கறுப்பினப் பையன். அதற்காக 1950-இல் நோபல் பரிசு பெற்றவர். அதே மண்ணில் வளர்ந்தவரின் எழுத்து, நாற்பது வருஷம் கழித்து அங்குள்ள பையன்களின் கையிலிருந்த துப்பாக்கியை இறக்கிவைத்தது. வாட்ஸில் கொலைகள் குறைந்தன. தருவதாகச் சொன்ன வேலைகள்தான் பெரும்பாலும் வரவில்லை.

வேலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. கிரெக் பாயில் என்ற பாதிரியார் அதே 1992-இல் ஒரு ரொட்டிக் கடையைத் தொடங்கினார். நேற்றுவரை ஒருவரையொருவர் சுடத் தேடியவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று மாவு பிசைந்தார்கள். கழுத்திலும் முகத்திலும் குத்திய பச்சையை இலவசமாக நீக்கும் ஏற்பாடும் பின்னால் வந்தது. பச்சை தெரிந்தால் யாரும் வேலை தருவதில்லையே.

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறை வைத்திருப்பவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கிரில் கேட் அடிப்பவர்களும் இருக்கிறீர்கள். நான் சொன்ன பையனின் விண்ணப்பத்தை என் பையில் கொண்டுவந்திருக்கிறேன். அத்தை வீட்டு முகவரியை எடுக்கச் சொல்லி, அவன் சொந்தத் தெருவையே போட்டுப் புதிதாக எழுதி வாங்கியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். வெல்டர் தேவைப்படுபவர்கள் வந்து வாங்கிப் பாருங்கள்.