கட்டி போக வேண்டும், கர்ப்பப்பை இருக்க வேண்டும்: மயோமெக்டமி அறுவைச் சிகிச்சை

(திரையில்: கர்ப்பப்பையின் குறுக்குவெட்டுப் படம், சுவருக்குள் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு கட்டிகள்)

வணக்கம். லண்டனிலுள்ள மிடில்செக்ஸ் மருத்துவமனையில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், விக்டர் பானி என்ற அறுவை மருத்துவர் பணியாற்றினார். அவருடைய மனைவிக்கு ஃபைப்ராய்டு கட்டிகளின் காரணமாகக் கர்ப்பப்பையே அகற்றப்பட்டிருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. புற்றுநோயல்லாத ஒரு கட்டிக்காக இளம் பெண்ணின் கர்ப்பப்பை முழுவதையும் எடுப்பதை எளிதில் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று அவர் தம் தொழில் வாழ்க்கை முழுவதும் வாதிட்டார். வாதத்தோடு நிற்காமல், 700க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைத் திருப்பித் தந்தார். ஒரே கர்ப்பப்பையிலிருந்து 200க்கும் மேற்பட்ட கட்டிகளை எடுத்த அறுவையும் அவற்றுள் ஒன்று. இந்த அறுவைக்கு மயோமெக்டமி என்று பெயர். அது எப்படி நடக்கிறது, யாருக்குத் தேவை, அதன் பிறகு கருத்தரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் காணொளியில் பார்க்கலாம்.

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைச் சுவரின் தசையிலிருந்தே வளரும் கட்டி. தமிழில் நார்த்திசுக்கட்டி என்கிறோம். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் இதை வளர்க்கின்றன. அதனால்தான் மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலான கட்டிகள் தாமாகவே சுருங்குகின்றன. அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் இக்கட்டி இருந்தது. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருந்திருக்காது. ஆகவே, ஸ்கேன் அறிக்கையில் ஃபைப்ராய்டு என்ற சொல்லைப் பார்த்தவுடன் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.

(திரையில்: ஒன்பது இடங்களில் கட்டிகளைக் காட்டும் படம்)

கட்டி எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ, கட்டிகளை அவை இருக்கும் இடத்தைக் கொண்டு 0 முதல் 8 வரை எண்ணிட்டு வகைப்படுத்தியிருக்கிறது. 0, 1, 2 ஆகியவை கரு தங்கும் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருப்பவை. 3, 4 ஆகியவை சுவருக்குள் புதைந்திருப்பவை. 5, 6, 7 ஆகியவை வெளிப்புறம் நோக்கி வளர்பவை. கர்ப்பப்பையின் கழுத்து போன்ற பிற இடங்களில் வளர்பவை 8ஆம் வகை. உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் கரு பதிவதைக் கெடுக்கும், உதிரப்போக்கையும் அதிகமாக்கும். அதை எடுப்பதால் பயன் உண்டு என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வெளிப்புறக் கட்டியோ கருத்தரிப்பைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. சுவருக்குள் புதைந்திருப்பதைப் பற்றித்தான் விவாதம் இன்னும் ஓயவில்லை. அதன் அளவு, எண்ணிக்கை, உட்குழியின் வடிவத்தை அது வளைக்கிறதா என்பவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், குழந்தை இல்லை என்று வருபவருக்கு வெளிப்புறத்தில் மூன்று சென்டிமீட்டர் கட்டி ஒன்று தென்பட்டது என்பதற்காக அவசரப்பட்டு வயிற்றைத் திறப்பது சரியான வரிசை அல்ல. கணவரின் விந்தணுப் பரிசோதனை, கருக்குழாய்களில் அடைப்பு உள்ளதா என்ற பரிசோதனை, கருமுட்டை இருப்பு ஆகியவை முதலில் தெரிந்தாக வேண்டும். பல வீடுகளில் இந்த வரிசையில் முதலாவதுதான் கடைசியாக நடக்கிறது.

அறுவையின் வழியையும் கட்டியின் இடமே தீர்மானிக்கிறது. உட்குழிக்குள் இருக்கும் கட்டிக்கு வயிற்றில் கீறலே தேவையில்லை. பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டெரோஸ்கோப் என்னும் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, திரவம் விட்டுக் குழியை விரித்து, மின் வளையத்தால் கட்டியைச் சிறிது சிறிதாகச் சீவி எடுக்கிறார்கள். 1976இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் நியூவர்த் இந்த வழியை வெளியிட்டார். இங்கே கவனிக்க வேண்டியது, விடப்படும் திரவத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே. திரும்பாத பங்கு ரத்தத்தில் கலந்திருக்கும். கிளைசின் போன்ற உப்பில்லாத திரவமாக இருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் உடலுக்குள் போனதுமே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும் ஆபத்து உண்டு. சலைன் பயன்படுத்தினால் இந்த வரம்பு இரண்டரை லிட்டர் வரை தளர்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கட்டிகள் இருந்தால், இரு புண்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க, இரண்டு அமர்வுகளாகச் செய்வதுண்டு.

(திரையில்: கர்ப்பப்பையின் இருபுறமும் ஏறும் ரத்தக் குழாய்களின் படம்)

சுவருக்குள் இருக்கும் கட்டியை எடுக்கும்போது முதற்கவலை ரத்தப்போக்கு. கர்ப்பப்பைக்கு இருபுறமும் கீழிருந்து ஒரு தமனியும், மேலே சூலகப் பக்கத்திலிருந்து மற்றொன்றும் ரத்தம் கொண்டுவருகின்றன. பானி தம் பெயரிலேயே ஒரு கிடுக்கியை வடிவமைத்து, அடிப்பகுதியில் தமனிகளைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறுவை செய்தார். இன்று அந்த வேலையைக் கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியில் கட்டும் ரப்பர் குழாய் செய்கிறது. அதோடு, வாசோபிரசின் மருந்தைச் சலைனில் நீர்க்கச் செய்து கட்டியைச் சுற்றிலும் ஊசியாகப் போட்டால், அவ்விடத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தசை வெளுத்துவிடும். மருந்து நேராக ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் இதயத்தைப் பாதிக்கும் என்பதால், போடப்போவதை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டே போடுவார்கள்.

அடுத்து, தசையைக் கீறிக் கட்டியின் வெண்மையான பரப்பை அடைய வேண்டும். கட்டிக்கு உண்மையான உறை கிடையாது. அது வளரும்போது நெருக்கப்பட்ட சுற்றுத்தசையே உறைபோல அமைந்திருக்கும். கட்டிக்கும் இந்தப் போலி உறைக்கும் இடையே ஒரு மெல்லிய தளம் உண்டு. நுங்கின் கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டுச் சுளையை நெம்பியவர்களுக்கு இது எளிதில் புரியும். சரியான தளத்தில் விரல் போனால் சுளை முழுதாக வந்துவிடும், தவறினால் கிழியும். போலி உறையில்தான் தசை ஆறுவதற்கு வேண்டிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன என்பதால், அதைக் கர்ப்பப்பையிடமே விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் கொண்டுவர வேண்டும்.

கட்டி வெளியே வந்ததும் அறுவை முடிந்துவிட்டதாகத் தோன்றும். கருத்தரிக்க விரும்பும் பெண்ணைப் பொறுத்தவரை உண்மையான அறுவை அப்போதுதான் தொடங்குகிறது. கட்டி இருந்த இடத்தில் ஒரு வெற்றறை இருக்கிறது. அதை அடியிலிருந்து அடுக்கடுக்காக, ரத்தம் தேங்க இடைவெளியே இல்லாமல் தைத்து மூட வேண்டும். மேலே மட்டும் தைத்து உள்ளே பள்ளம் விட்டால், அங்கே ரத்தம் கட்டி நின்று, சுவர் மெலிந்தே ஆறும். ரத்தத்தை நிறுத்துவதற்காக மின்கருவியால் அளவுக்கு மீறிச் சுட்டாலும் தசை செத்து அதே பலவீனம்தான் வரும். ஒன்பது மாதம் கழித்து குழந்தையின் எடையையும் பிரசவ வலியின் இறுக்கத்தையும் தாங்கப்போவது இந்தத் தையல் விழுந்த சுவர்தான். மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை சிறிய துளையில் செய்வார் என்பதைவிட எத்தனை அடுக்காகத் தைப்பார் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி என்று நான் கருதுகிறேன்.

வெளிப்புறத் தையலின் மேல் குடலோ கருக்குழாயோ ஒட்டிக்கொள்வதும் உண்டு. கர்ப்பப்பையின் பின்சுவரில் போடப்படும் கீறல்களில் ஒட்டுதல் அதிகம் என்பதால், இயன்றவரை முன்சுவரில் ஒரே கீறலின் வழியாகப் பல கட்டிகளை எடுக்க முயல்கிறார்கள்.

வயிற்றைத் திறந்து செய்யும் இதே வேலையை, சிறு துளைகளில் கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோபி வழியாகச் செய்தால் வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். இத்தாலியின் போலோனியாவில் 131 பெண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2000இல் வெளியான ஆய்வில், பின்னர் கருத்தரித்தவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே, 50 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. ஆகவே, கட்டிகள் மிகப் பெரியவையாகவோ மிகப் பலவாகவோ இருந்து, வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அதைப் பழைய முறை என்று குறைத்து மதிப்பிட வேண்டாம். விரலால் தொட்டுப் பார்த்துச் சிறு கட்டிகளைக் கண்டுபிடிக்கும் வசதி திறந்த அறுவையில்தான் உண்டு.

லேப்ராஸ்கோபியில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பெரிய கட்டியைச் சிறு துளை வழியாக எடுக்க, மார்செல்லேட்டர் என்னும் சுழலும் கத்தியால் அதைத் துண்டாக்குகிறார்கள். ஃபைப்ராய்டு என்று எண்ணியது அரிதாகச் சார்க்கோமா என்னும் புற்றுநோயாக இருந்தால், துண்டுகள் வயிற்றுக்குள் சிதறி நோய் பரவும். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இத்தகைய அறுவைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு இது மறைந்திருக்கலாம் என்று எச்சரித்தது. அந்த எண்ணிக்கை மிகையானது என்று வாதிடுபவர்கள் உண்டு; இளம் வயதில் ஆபத்து மிகக் குறைவு என்பதும் உண்மை. இருப்பினும், கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு பைக்குள் இட்டுத் துண்டாக்கும் வழக்கம் அதன் பிறகே வலுப்பெற்றது. உங்களுக்கு அப்படிச் செய்யப்படுமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அறுவைக்கு முந்தைய வாரங்கள் ரத்தத்தைச் சேர்ப்பதற்கானவை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உண்டு. ஃபைப்ராய்டால் மாதந்தோறும் உதிரம் இழப்பவரின் நிலை இன்னும் மோசமாக இருக்கும். இரும்புச்சத்தை மாத்திரையாகவோ ரத்தக் குழாய் வழியாகவோ கொடுத்து ஹீமோகுளோபினை உயர்த்துகிறார்கள். தேவைப்பட்டால், மாதவிலக்கை நிறுத்திவைக்கும் ஹார்மோன் ஊசியை மூன்று மாதம் வரை போடுவார்கள். அந்த ஊசியால் கட்டியும் சுருங்கும். ஆனால் நெம்பி எடுக்க வேண்டிய தளம் மங்கிவிடும், சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், எல்லோருக்கும் அதைப் போடுவதில்லை. நீங்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில், ரத்தப்போக்கு அடங்காவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க நேரலாம் என்ற வரி இருக்கும். அனுபவமுள்ளவர்களிடம் இது மிக அரிது என்றாலும், அந்த வரியைப் படித்து, கேட்டு, புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

அறுவைக்குப் பின், சுவர் ஆறுவதற்காகப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். காலப்போக்கில் புதிய கட்டிகள் வளரலாம் என்பதால் அதற்கு மேல் காரணமின்றி ஆண்டுக்கணக்கில் தள்ளுவதும் நல்லதல்ல. தையல் ஆழமாக இருந்தவர்களுக்குப் பிரசவ வலி தொடங்கும் முன்பே, பெரும்பாலும் 37 அல்லது 38ஆம் வாரத்தில், சிசேரியன் செய்யப்படுகிறது. உட்குழிக்குள் இருந்த கட்டியை மட்டும் சீவி எடுத்தவர்களும், வெளியே தொங்கிய கட்டியை மட்டும் அகற்றியவர்களும் பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்கு முயலலாம்.

(திரையில்: பெயர் மறைக்கப்பட்ட ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி)

இந்த முடிவை எடுக்கப்போகும் மகப்பேறு மருத்துவர் உங்களுக்கு அறுவை செய்தவராக இல்லாமலும் போகலாம். எத்தனை கட்டிகள், எந்தச் சுவரில், எத்தனை அடுக்குத் தையல், கர்ப்பப்பையின் உட்குழி திறக்கப்பட்டதா இல்லையா என்ற விவரங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். வெறுமனே மயோமெக்டமி செய்யப்பட்டது என்று மட்டும் இருந்தால், விவரங்களை எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்களோடு சேர்த்து வையுங்கள்.