கூழ் மணக்கும்போதே சுரக்கும் அமிலம்

நேயர்களுக்கு வணக்கம். அடுப்பில் ஒடியற் கூழ் கொதிக்கும் வாசம் முற்றம்வரை வரும். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக்கொண்டு நீங்கள் குந்துவதற்கு முன்னரே உங்கள் இரைப்பை வேலையைத் தொடங்கிவிடும். மணத்தை அறிந்த மூளை வேகஸ் என்னும் நரம்பு வழியே செய்தி அனுப்ப, அமிலம் சுரக்கிறது. ஒரு வாய் கூழ்கூட இன்னும் உள்ளே போகவில்லை!

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் நம்மைத் தொடவிடாத ஐதரோகுளோரிக் அமிலம்தான் அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் இரைப்பைச் சாறு நமக்குச் சுரக்கிறது. "ஐயா, கஸ்ரிக், அமிலத்தை இல்லாமல் செய்துவிடுங்கள்" என்று என்னிடம் வருகிறவர்கள் பலர். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வதும் அதே அமிலம்தான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இரைப்பைச் சாறு வேலை செய்யும் விதத்தை நமக்குக் காட்டித் தந்தவர் ஒரு கூலித்தொழிலாளி. 1822 ஜூன் 6ஆம் திகதி, அமெரிக்காவின் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞர்மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமொன்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் காயம் மூடவில்லை. வயிற்றில் ஒரு துளை நிலைத்துவிட்டது. மருத்துவர் இறைச்சித் துண்டையும் பாண் துண்டையும் பட்டு நூலில் கட்டி அதனுள் இறக்கி, நேரம் பார்த்து வெளியே எடுத்தார். சாற்றை எடுத்துப் போத்தலில் இளஞ்சூட்டில் வைத்தபோது, அங்கேயும் இறைச்சி கரைந்தது. வெறும் வயிற்றில் சாறு தேங்கி நிற்பதில்லை, உணவு வரும்போதே ஊறுகிறது என்றும் கண்டார். சென் மார்ட்டின் கோபப்பட்டால் சமிபாடு குழம்பியது. தன் உடலைப் பல ஆண்டுகள் திறந்து காட்டிய அந்த மனிதரின் பெயரையே நான் முதலில் சொல்வேன்.

உணவு போய்ச் சேர்ந்ததும் இரைப்பையின் கீழ்ப்பகுதி கஸ்ரின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகிறது; அது மேலும் சுரக்கத் தூண்டுகிறது. அப்படியென்றால் யார் நிறுத்துவது? நம் தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவர், பாத்தி நிறைந்ததும் "போதும்" என்று குரல் கொடுக்க, கிணற்றடியில் இயந்திரத்தை நிறுத்துவார்கள் அல்லவா? அமிலம் மிகுந்தவுடன் சோமற்றோஸ்ரற்றின் என்ற பொருள் கஸ்ரினை அடக்குகிறது. குரல் கொடுப்பது அமிலமேதான். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: நிறுத்தச் சொல்வதும் அமிலமேதான்.

இரைப்பை தன்னையே செரிக்காதிருப்பது, அதன் உட்புறத்தைப் போர்த்திய வழுவழுப்பான சளிப்படையால். நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். குடற்புண்ணைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் படையைக் கெடுப்பவை ஹெலிக்கோபக்ரர் என்ற கிருமியும் நாமாக வாங்கி விழுங்கும் சில நோவு மாத்திரைகளும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் மருந்தை எழுதித் தந்திருந்தால் காலை உணவுக்கு அரை மணி முன்பு எடுங்கள். மலம் தார்போல் கறுத்தால், புண்ணில் இரத்தம் கசிவதாக இருக்கலாம்; அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வணக்கம்.