சுத்தியல் சத்தம் கேக்காத கோர்ட்டு

வணக்கம் நேயர்களே. சினிமாவுல கோர்ட் சீன் வந்தா முதல்ல என்ன சத்தம் கேக்கும்? டொக் டொக்னு சுத்தியல் சத்தம். ஜட்ஜ் ஐயா மரச்சுத்தியலால மேஜையில தட்டி ஆர்டர் ஆர்டர்னு சொல்லுவார், கூட்டம் கப்சிப்னு அடங்கிடும். நம்ம நாட்டு கோர்ட்டுல அந்தச் சுத்தியலே கிடையாதுங்க. முன்சீப் கோர்ட்டுல ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் எந்த ஜட்ஜ் மேஜையிலயும் அதைப் பார்க்க முடியாது. நமக்கு இந்த கோர்ட் முறையைக் குடுத்துட்டுப் போன இங்கிலாந்துக்காரங்க கோர்ட்டுலயும் கிடையாது, அமெரிக்காவுல உண்டு. நம்ம கோர்ட்டுல சத்தம் ஜாஸ்தியானா வாசல்ல நிக்கிற டவாலி சைலன்ஸ்னு ஒரு குரல் குடுப்பார், அவ்வளவுதான்.

அதே மாதிரிதான் கீதை மேல கை வச்சு சத்தியம் பண்றதும். 1969ல வந்த சத்தியப் பிரமாணச் சட்டம்னு ஒன்னு இருக்கு, அதன்படி கடவுள் பேரால சத்தியமா சொல்றேன்னு சொல்லலாம், நம்பிக்கை இல்லாதவங்க உளமார உறுதி கூறுறேன்னு சொல்லலாம், ரெண்டுக்கும் ஒரே மதிப்பு. புஸ்தகம் எதையும் நம்ம முன்னாடி நீட்ட மாட்டாங்க.

நான் ஜில்லா கோர்ட்டுல ரொம்ப காலமா கிரிமினல் கேஸ் நடத்துற வக்கீல். சினிமாவும் உயிரு. அதனால இதையெல்லாம் குத்தம் சொல்லி லிஸ்ட் போட வரலைங்க, சுத்தியல் இருந்துட்டுப் போகட்டும், அதுனால யாருக்கும் நஷ்டம் இல்ல. எனக்கு வேற ஒரு கவலை இருக்கு. அதை சொல்றதுக்கு முன்னாடி சினிமா கோர்ட் சீனை நாடகத்தனம்னு எல்லாரும் திட்டுறாங்களே, அந்த நாடகத்தனத்துக்கு ஆதரவா கொஞ்சம் பேசிடறேன்.

1952 தீபாவளிக்கு வந்த பராசக்தி. சிவாஜிக்கு முதல் படம், வசனம் கலைஞர். அந்த கோர்ட் சீனை சட்டப்படி பார்த்தா நிக்கவே நிக்காது. ஜட்ஜ் நாற்காலியில உக்காந்திருக்கிறவர் அண்ணன், கூண்டுல நிக்கிறது அவரோட சொந்தத் தங்கச்சி, இன்னொரு தம்பியும் வந்து நின்னு மூச்சு விடாம பேசுறார், யாரும் குறுக்க எழுந்திருச்சு கேட்ட கேள்விக்கு பதில் சொல்லுப்பான்னு சொல்லலை. ஆனா அதைப் பார்த்த சனம் இது கோர்ட்டுல இப்படித்தான் நடக்கும்னு நினைச்சா பார்த்துச்சு? இல்லீங்க. அது தன்கிட்ட நேரா பேசுற பேச்சுன்னு அதுக்குத் தெரியும். கூண்டு ஒரு மேடை, அவ்வளவுதான். அந்த வசனத்தை மனப்பாடமா ஒப்பிக்கிற பெரியவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க, அவங்க யாரும் அதை சட்டப் பாடமா எடுத்துக்கல, மானத்தோட நிமிர்ந்து பேசுறது எப்படின்னு எடுத்துக்கிட்டாங்க.

இன்னும் பின்னாடி போங்களேன், சிலப்பதிகாரம். பாண்டியன் சபையில கண்ணகி தலைவிரி கோலமா வந்து நிக்கிறா, அதை விட பெரிய டிராமா என்ன இருக்கு? ஆனா கேஸை ஜெயிச்சது எதை வச்சுன்னு பாருங்க. என் சிலம்புக்குள்ள மாணிக்கப் பரல்ங்கிறா, அரசியோட சிலம்புல முத்துங்கிறான் ராஜா. சிலம்பைக் கொண்டாங்கன்னு வாங்கி உடைக்கிறா, மாணிக்கம் தெறிக்குது. நாங்க இன்னைக்கு சான்றுப் பொருள்னு நம்பர் போட்டு மார்க் பண்றோமே, அதேதான். அழுகையும் ஆத்திரமும் எவ்வளவு வேணா இருக்கு, ஆனா விசாரிக்காமக் கொன்னது தப்புங்கிற அடிப்படை விஷயத்துல இளங்கோ ஒரு இம்மி கூட பிசகலை. நாடகமும் இருக்கு, நியாயமும் சரியா இருக்கு. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சரி, அப்போ உள்ளது உள்ளபடி எடுத்தா எப்படி இருக்கும்? 2014ல மராத்தியில கோர்ட்டுன்னே ஒரு படம் வந்துச்சு, சைதன்ய தம்ஹானே எடுத்தது, தேசிய விருது வாங்குச்சு. பார்க்காதவங்க தேடிப் பிடிச்சு பாருங்க. மேடையில பாடுற ஒரு வயசானவர் மேல கேஸ், அவர் பாட்டைக் கேட்டு சாக்கடை அள்ளுற தொழிலாளி தற்கொலை பண்ணிக்கிட்டார்னு. படத்துல ஒருத்தரும் குரலை உசத்த மாட்டாங்க. சாட்சி ஒரு வரி சொல்லுவார், ஜட்ஜ் அதைத் தன் பாஷையில சுருக்கி டைப்பிஸ்ட்டுக்கு சொல்லுவார், டைப் அடிக்கிற வரைக்கும் எல்லாரும் சும்மா இருப்பாங்க. அரசு வக்கீல் அம்மா சாயங்காலம் ரயில் ஏறி வீட்டுக்குப் போய் சமைப்பாங்க. எனக்கு அதைப் பார்த்து நெஞ்சு அடைச்சுது, நான் நிக்கிற இடத்தை அப்படியே திரையில பார்த்த மாதிரி இருந்துச்சு. அந்த டைப் அடிக்கிற அமைதி இருக்கு பாருங்க, கேமரா அதை விட்டு ஓடாம நிக்குது, அதுக்கு பெரிய தைரியம் வேணும்.

இந்த இடத்துல ஒரு கேஸ் சொல்லணும். இதை சொல்லாம என்னால கோர்ட் பத்தி பேசவே முடியாது, என் ஜூனியர்ஸ் எல்லாருக்கும் இது மனப்பாடம்.

நான் ஜூனியரா இருந்தப்போ ஒரு வெட்டு வழக்கு. ராத்திரி படலைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து ஒரு பையனை அருவாளால வெட்டிட்டாங்க, பையன் பொழச்சுக்கிட்டான். எங்க சீனியர் அந்தக் குடும்பத்துக்காக அரசு வக்கீலுக்கு ஒத்தாசையா இருந்தார். முக்கிய சாட்சி பையனோட அம்மா. ஆடு மேய்க்கிறவங்க, வயசானவங்க. வாய்தா மேல வாய்தா, ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் வக்கீல் பாய்காட், ஒரு நாள் எதிரி, அதாவது குத்தம் சாட்டப்பட்ட ஆளு, வரலை. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா விடியகாலை பஸ் ஏறி வந்து கோர்ட் வராண்டாவுல சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பாங்க, மடியில ஒரு தூக்குச்சட்டி, டவாலி எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் தன் பேரோன்னு நிமிர்ந்து பார்ப்பாங்க. இந்தக் காத்திருப்பை எந்தப் படத்துலயும் காட்ட மாட்டாங்க, சரி, எப்படிக் காட்டுறது.

ஒருவழியா கூப்பிட்டாச்சு. கூண்டுல ஏறினதும் அந்தம்மா முதல்ல கேட்டது, சத்தியம் பண்ற புஸ்தகம் எங்க சாமின்னு. ஜட்ஜ் நல்ல மனுஷன், அதெல்லாம் வேணாம்மா, வாயால சொன்னா போதும்னார். உடனே கையைக் கும்பிட்டு, கனம் கோர்ட்டார் அவர்களேன்னு உரக்க ஆரம்பிச்சாங்க பாருங்க! எத்தனை ராத்திரி மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தாங்களோ. ரெண்டு வரி கூட போகலை, அம்மா, கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு ஜட்ஜ் தன்மையா சொல்லிட்டார். சட்டப்படி அது சரிதான், அவர் வேற என்ன பண்ண முடியும். ஆனா அந்த முகம் வாடினதை நான் பார்த்தேன். தன் கதையை சொல்றதுக்குன்னு வந்தவங்க, டிவியில அப்படித்தான் சொல்ல விடுறாங்க, இங்க ஊர் பேர் என்ன, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நின்னீங்கன்னு துண்டு துண்டா கேட்டா?

அப்புறம் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், சிரிச்ச முகமாவே கேப்பார். ஏம்மா, அன்னைக்கு கரண்டு இருந்துச்சா? இல்லைங்க சாமி. நிலா வெளிச்சம்? அமாவாசை கிட்டங்க. அப்போ வெட்டுன ஆளு முகத்தை நீங்க பார்க்கலை? பார்க்கலைங்க. எங்க சீனியர் பேனாவைக் கீழ வச்சுட்டார், கேஸ் போச்சுன்னு. அந்த வக்கீல் அங்கேயே உக்காந்திருக்கணும். இன்னொரு கேள்வி கேட்டார். முகத்தையே பார்க்காம எதிரிதான்னு எப்படிம்மா சொல்றீங்க?

அந்தம்மா சொன்னாங்க, அவன் இருமுனான் சாமி. அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே சுவரு, அவன் சின்னப்புள்ளையில இருந்து அந்த இருமலைக் கேட்டுக்கிட்டுதானே நான் தூங்குறேன்.

டைப் சத்தம் நின்னுடுச்சு. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேல ஃபேன் ஓடுற சத்தம் மட்டும்தான். அந்த மராத்தி படத்துல ஜட்ஜ் சுருக்கி சொல்லுவார்னு சொன்னேன்ல, நிஜத்துலயும் வழக்கம் அதுதான், ஆனா அன்னைக்கு இவர் சுருக்கலை, அந்தம்மா சொன்னதை வார்த்தை மாத்தாம, இருமல்ங்கிற சொல்லோட, மெதுவா டைப்பிஸ்ட்டுக்கு சொன்னார். பழகின ஆளைக் குரலை வச்சு அடையாளம் சொல்றதை கோர்ட் ஜாக்கிரதையாத்தான் பார்க்கும், ஆனா தள்ளாது. தண்டனை ஆச்சு, இது ஒன்னை மட்டும் வச்சு இல்ல, அருவாள், காயச் சான்றிதழ், மத்த சாட்சிகள்னு எல்லாம் சேர்ந்து. இதை ஒரு படத்துல எழுதினா டைரக்டர் உடனே வயலினைக் கூப்பிடுவார். கூப்பிடட்டுங்க, எனக்கு அதுல சண்டையே இல்ல.

என் கவலைக்கு வர்றேன். கிராமத்துல இருந்து வர்ற ஒருத்தருக்கு கோர்ட், போலீஸ் பத்தி யாரு சொல்லிக் குடுத்தா? பள்ளிக்கூடமா? சினிமாவும் டிவியும்தான் சொல்லிக் குடுத்துச்சு. அதுல வர்ற சின்னச் சின்னப் பொய்தான் ஆளைக் கவுக்குது. ஸ்டேஷன்ல அடிச்சு ஒத்துக்க வச்சுட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு எத்தனை படத்துல பார்த்தோம், ஹீரோவே அடிக்கிறார், நாமளும் கை தட்டுறோம். போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வச்சு குத்தத்தை நிரூபிக்க முடியாதுன்னு 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்துலயே 25ஆம் பிரிவுல இருக்கு, 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துலயும் அது அப்படியே இருக்கு. இது தெரியாமத்தான், ஸ்டேஷன்லயே கையெழுத்து போட்டுட்டேன், இனிமே கோர்ட்டுல பேசி என்ன ஆகப்போகுதுன்னு மாஜிஸ்ட்ரேட் கேக்கும்போது வாயைத் திறக்காம நிக்கிறாங்க. விசாரணை படத்துல ஆந்திரா போலீஸ்கிட்ட மாட்டிக்கிட்ட தமிழ்ப் பசங்க ஜட்ஜ் முன்னாடி, எங்களை அடிச்சு ஒத்துக்கச் சொன்னாங்கன்னு சொல்லுவாங்களே, அவங்களுக்கு தெலுங்கு தெரியாததால ஒருத்தர் மொழிபெயர்த்து சொல்லுவாரே, அந்த ஒரு சீனுக்காக வெற்றிமாறனைக் கும்பிடணும். பாக்குறவன் மனசுல பதியுது, இங்க பேசலாம்னு.

கைது பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், பிரயாண நேரம் மட்டும் கழிச்சுக்கலாம், அரசியல் சட்டம் 22ஆம் பிரிவு. பொம்பளைங்களை சாட்சியா விசாரிக்கணும்னா ஸ்டேஷனுக்கு வாம்மான்னு கட்டாயப்படுத்த முடியாது, அவங்க வீட்டுக்குப் போய்தான் விசாரிக்கணும். பொழுது சாஞ்ச பிறகு பெண்ணைக் கைது பண்றதும் பொதுவா கூடாது, தவிர்க்க முடியாத நிலைன்னா பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்ட்ரேட்கிட்ட அனுமதி வாங்கணும். ஆனா சீரியல்ல பாருங்க, ராத்திரி மருமகளை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போறது சர்வசாதாரணமா நடக்குது, மாஜிஸ்ட்ரேட்னு ஒரு ஆளே அந்த உலகத்துல இல்ல. அந்த சீன் அழுகையோடவே இருக்கட்டும், ஏங்க அர்த்தராத்திரியில கூட்டிட்டுப் போறீங்க, சட்டத்துல இடம் இருக்கான்னு பக்கத்து வீட்டு அக்கா ஒரு வரி கேட்டா டிராமா குறைஞ்சா போயிடும்? கூடத்தான் செய்யும்.

ஜெய் பீம் படம் எனக்குப் பிடிக்கிறதுக்கும் அதுதான் காரணம். 1993ல போலீஸ் காவல்ல செத்துப்போன ராஜாகண்ணு சம்பவம், வக்கீல் சந்துரு நடத்தின ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தச் சொல்லிக் கேக்குற மனு. ஆட்கொணர்வு மனுவுல பொதுவா ஐகோர்ட் சாட்சியைக் கூண்டுல ஏத்தாது, சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற பிரமாணப் பத்திரம் வச்சே முடிச்சுடும். படம் அதை மறைக்கலை, கேரளாவுல போலீஸ் கூட்டிட்டுப் போய் காணாமப் போன ராஜன்ங்கிற மாணவர் கேஸ்ல சாட்சியை விசாரிச்சிருக்காங்கன்னு ஹீரோவே வாதாடி அனுமதி வாங்குறார். எனக்கு விசில் அடிக்கத் தோணுச்சு அந்த இடத்துல. வழியையும் காட்டி கதையையும் நகர்த்திட்டாங்க.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுறாங்க. சீரியல் டைவர்ஸ் பத்தி விரிவா பேசணும்னு வச்சிருந்தேன், வேகமா சொல்லிடறேன். புருஷன் ஒரு பேப்பரை நீட்டுறான், பொண்டாட்டி அழுதுக்கிட்டே கையெழுத்து போடுறா, மறுநாள் அவனுக்கு வேற கல்யாணம். அப்படி இல்லவே இல்லீங்க. இந்து திருமணச் சட்டப்படி ரெண்டு பேரும் சம்மதிச்சாலும் ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், சேர்ந்து மனு போடணும், அதுக்கப்புறம் ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து சொல்லணும், அந்த ஆறு மாசத்தை சில நேரம் தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கோர்ட் தீர்ப்பு வந்தாத்தான் விவாகரத்து. வீட்டுல வச்சு யாராவது மிரட்டி வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருந்தா பயந்துபோய் பெட்டி கட்டிடாதீங்க. உங்க கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, வக்கீல் ஃபீஸும் கிடையாது, போன்ல கேக்கணும்னா 15100. வாய்ப்புக் குடுத்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.