உலையில் குறையும் ஒரு பிடி

நேயர்களுக்கு வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், "இந்த வருஷம் எதை விடப்போறே?" என்ற பேச்சு வரும். ஒருவர் காப்பி என்பார், இன்னொருவர் கறி என்பார். நான் அரிசிப் பானையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அதற்கு முன், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல். போன வருஷக் குருத்தோலை ஞாயிறன்று பவனியில் பிடித்துவந்து, சிலுவையாக முடைந்து, நிலைக்கு மேல் செருகிவைத்தோமே, அந்த ஓலைதான் அது. உள்மடிப்பில் ஈரம் இருந்தால் சாம்பலாகாமல் கரியாகவே நின்றுவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்த்துவிட்டு, இரும்புச் சட்டியில் எரித்து, ஆறியதும் இடித்து மெல்லிய துணியில் சலிக்கவேண்டும். தண்ணீர் விட்டுக் குழைக்கவே கூடாது. சாம்பலில் இருக்கும் காரம் நீரில் கரைந்து நெற்றியைப் புண்ணாக்கிவிடும். உலர்வாகப் பூசுங்கள், இல்லையென்றால் இரண்டு சொட்டு எண்ணெய் போதும். ஒரு சாக்கு ஓலை எரித்தாலும் கிடைப்பது கைப்பிடிதான். ஓசன்னா பாடிப் பிடித்த ஓலை, அடுத்த வருஷம் "நீ மண்" என்று நெற்றியில் சொல்கிறது. இந்த அடையாளம் நெற்றியோடு நின்றுவிடக்கூடாது, அடுப்படிக்கு வரவேண்டும்.

அதற்குத்தான் பிடியரிசி, அதாவது சமைக்கும்போது ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் சேர்ப்பது. திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை 46 நாள். நோன்பில்லாத ஞாயிறு ஆறைக் கழித்தால் 40. ஒரு பிடி சுமார் 50 கிராம். மதியம், இரவு என்று இரண்டு வேளை எடுத்தால் 80 பிடி, 4 கிலோ.

கவனியுங்கள், பிடியை எங்கிருந்து எடுக்கிறோம்? மூட்டையிலிருந்து தனியாக அள்ளினால் அது தர்மம். நல்லதுதான், ஆனால் நம் ஆசையை நாமே குறைத்துக்கொள்ளும் ஒறுத்தல் ஆகாது. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து, களைவதற்கு முன், ஒரு பிடி குறைய வேண்டும். குறைந்ததற்கு ஈடாக இன்னொரு பிடி போடக்கூடாது. திரும்பவும் சொல்கிறேன், அளந்ததிலிருந்து! இன்னொரு தவறு, நாம் பொன்னி சாப்பிட்டுவிட்டுக் கலயத்தில் ரேஷன் அரிசி போடுவது. நாம் உண்பதே கலயத்துக்கும் போகவேண்டும். வண்டு விழாமல் இருக்க நாலு காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள்.

அடுத்தது ஒருசந்தி நோன்பு. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச்சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் அந்த ஒரு வேளைக்குக் குறைவாக இருக்கவேண்டும். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இதற்கான நாட்கள், 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது வரை இருக்கவேண்டும். நம் ஊர் விருந்துக்குப் பேர்போன ஊர். கறி இல்லையென்று கந்தரப்பமும் பால்பணியாரமும் சுட்டுவிடுகிறோம்! கறி போனது, ஆனால் செலவும் நாக்கும் அப்படியே இருக்கின்றன.

திருவாடானை தாண்டி ஓரியூரில், விசுவாசத்துக்காக 1693இல் உயிர் கொடுத்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே காவி உடுத்தி, புலால் விட்டு வாழ்ந்தார். ஓரியூர்ச் செம்மண்ணை முடிந்து வருகிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வார்த்தை. குருவானவர் பாதம் கழுவ 2016இலிருந்து பெண்களும் அமரலாம். உட்காருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரவேண்டாம், நடந்துவந்த காலோடு உட்காருங்கள். அன்று திருப்பலியில் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவனியாகக் கொண்டுவர இடமுண்டு. கலயத்தை அப்போது எடுத்துவாருங்கள். வெள்ளி, சனிப் பிடி பிறகு வந்து சேரட்டும். வணக்கம்.