பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரு துண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருத்தூதர் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதிய கடிதம், 2ஆம் அதிகாரம், 3ஆம் வசனம். வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் “வாதினாலாவது வீண்பெருமையினாலாவது” ஒன்றையும் செய்யாதீர்கள் என்றிருக்கும். பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் “கட்சி மனப்பான்மை”. வாது வேறு, கட்சி வேறு ஆயிற்றே? மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் எரித்தெயா. கூலிக்கு வேலை செய்வது என்பதுதான் அதன் பழைய பொருள். அரிஸ்டாட்டில் காலத்தில் பதவிக்காக ஆள் பிடிப்பதற்கும் அதுவே பெயராயிற்று. பவுல் சோம்பேறிகளைக் கடிந்துகொள்ளவில்லை. ஓடியாடி உழைத்துவிட்டு, கூலியாக நாற்காலி கேட்பவர்களைத்தான் சொல்கிறார்.

பிலிப்பியும் அதற்கேற்ற ஊர்தான். கி.மு. 42இல் நடந்த போருக்குப் பின் ரோமப் படைவீரர்களைக் குடியமர்த்திய இடம். வகித்த பதவிகளையெல்லாம் கல்லில் வெட்டிவைப்பது அங்கே பெருமை. நம் ஆலயத்து மின்விசிறி இறக்கையில் ‘உபயம்’ எழுதுகிறோமே, அதற்கு மூத்த அண்ணன்!

கடைசி இராவுணவிலும் இதே பேச்சுதான். நம்மில் யார் பெரியவன் என்று சீடர்களுக்குள் வாக்குவாதம் வந்ததாக லூக்கா சொல்கிறார். யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: இயேசு பந்தியிலிருந்து எழுகிறார், மேலுடையைக் கழற்றி வைக்கிறார், துண்டை இடுப்பில் கட்டுகிறார், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். காட்டிக்கொடுத்த யூதாஸ் வெளியே போனது அதற்குப் பிறகுதான். அவன் காலும் கழுவப்பட்டது.

கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, பன்னிரு சீடரின் நினைவாகப் பாதம் கழுவும் சடங்கு உண்டு. 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் செய்த சீர்திருத்தத்தில்தான் அது மாலைத் திருப்பலிக்குள் வந்தது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் அமர்த்த வழி திறந்தார். கோளாறு ஆள் தேர்விலேயே தொடங்கிவிடும். 12 நாற்காலிக்கும் பங்குப் பேரவைக்காரர், நன்கொடையாளர் என்று இடம் பிடித்தாயிற்று. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்த கால், புது வேட்டி. தண்ணீருக்கு அங்கே என்ன வேலை? அன்பியம்தோறும், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறு குழுதோறும், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஆலயம் கூட்டுகிற அம்மாவின் பெயரும், தோப்புக் காவல்காரரின் பெயரும் அதில் இருக்கட்டும்.

சடங்கு ஒரு நாள். மீதி நாள்களுக்குக் கழுவ வேண்டிய கால்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் எத்தனையோ. பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, ராகிக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் நடந்து வெடித்த குதிகாலோடு பெரியவர்கள் தனியே இருக்கிறார்கள். பலருக்குச் சர்க்கரை வேறு. அவர்கள் காலைக் கழுவ இரண்டிரண்டு பேராய்ப் போங்கள்; ஒரு ஜோடிக்கு இரண்டு வீடு, வாரம் ஒருமுறை, அதற்குமேல் ஏற்க வேண்டாம். பத்து வீடு எழுதிக்கொள்பவர் மூன்றாம் வாரமே காணாமல் போவார்.

தண்ணீர் வெதுவெதுப்பாகப் போதும். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். சர்க்கரைக்காரர் பலருக்குக் காலில் சூடு உறைக்காது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ஊறவைக்காமல் கழுவி எடுத்துவிடுங்கள். மெல்லிய துணியால் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றித் துடையுங்கள். ஈரம் நின்றால் புண்ணாகும். வெடிப்பில் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவவே கூடாது. உள்ளங்காலில் சிவப்போ புண்ணோ தெரிந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

செல்போன் பையிலேயே இருக்கட்டும். படம் வாட்ஸப் குழுவில் ஏறியதும் அடுத்த முறை யார் துண்டு பிடிப்பது என்று போட்டி வரும். அழுக்குத் தண்ணீரைக் கொட்ட அப்போது ஆள் இருக்காது.

கிளம்பும்முன் பெரியவரின் செருப்பை எடுத்து, உள்ளே கல் கிடக்கிறதா என்று உதறிப் பார்த்து, அவர் கால் எட்டும் இடத்தில் வையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

வணக்கம்.