முதலையிலிருந்து ஒரு வினைச்சொல்

நண்பர்களே, பல நாட்டாரும் பொதுவாகப் பேசவென்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் 'க்ரோகோதீலி' என்றொரு வினை உண்டு. நேர்ப்பொருள், 'முதலையாக நடந்துகொள்'. முதலைக் கண்ணீருக்குப் பழகிய நம் காதுக்குப் பொய்யழுகைதான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எஸ்பெராந்தோ பேசுவோர் கூடியிருக்கையில், எல்லோருக்கும் புரியும் அந்த மொழியை விட்டுவிட்டுத் தாய்மொழியில் பேசுவதுதான் க்ரோகோதீலி. இரண்டு தமிழர்கள் வீட்டில் தமிழ் பேசினால் இந்த வினை பொருந்தாது. எஸ்பெராந்தோ மாநாட்டில் ஒரு ஜப்பானியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களே தமிழ் பேசினால் பொருந்தும். "நே க்ரோகோதீலு!" (முதலையாகாதே!) என்று அதட்டலும் வரும்.

சொல்லைப் பிரிப்போம். வேர் 'க்ரோகோதில்', கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியே ஐரோப்பாவில் பரவிய முதலைப் பெயர். 'ஓ' சேர்ந்தால் விலங்கு, 'இ' சேர்ந்தால் வினை. 'அஸ்' நிகழ்காலம், 'இஸ்' இறந்தகாலம், 'ஓஸ்' எதிர்காலம், 'உஸ்' நிபந்தனை, 'உ' ஏவல். 1887-இல் வார்சாவில் ஸாமென்ஹோஃப் உருவாக்கி வெளியிட்ட இந்த மொழியின் அடிப்படை விதிகள் 16. அவற்றில் 6ஆவதன்படி வினை தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடத்துக்கோ ஒருமை, பன்மை என்ற எண்ணுக்கோ ஏற்ப மாறாது. 'பேசினேன்' என்றாலே நமக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. அங்கே நானென்றால் 'மி க்ரோகோதீலிஸ்', நீயென்றால் 'வி க்ரோகோதீலிஸ்', அவர்களென்றால் 'இலி க்ரோகோதீலிஸ்'. தமிழ்ப் பழக்கத்தில் எழுவாயை விழுங்கினால் யார் பேசியது என்றே தெரியாது.

இன்னொரு வழுக்கல், வேரின் பிறவிக் குணத்தை மறப்பது. 'ப்ரோசோ' தூரிகை, 'ப்ரோசி' அதனால் தேய்ப்பது. அதே கணக்கில் 'கோம்போ'வைச் சீப்பு என்று நினைத்தால் தப்பு. 'கோம்ப்' பிறவியிலேயே வினைவேர். ஆகவே 'கோம்போ' தலைவாருதல், சீப்புக்குக் கருவி ஒட்டு சேர்த்து 'கோம்பீலோ' என்று சொல்லவேண்டும். முதலை வேர் விலங்குக்குரியது என்பதால் 'க்ரோகோதீலோ' எப்போதும் முதலைதான். செயலைச் சொல்ல 'ஆத்' ஒட்டு வேண்டும்: 'க்ரோகோதிலாதோ'. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில். அதனால்தான் நெடில் 'தீ'யிலிருந்து 'லா'வுக்கு நகர்ந்தது.

ஏன் முதலை? வாய் பெரிது, மூளை சிறிது என்பார்கள். பின்னால் ஒட்டிய விளக்கம் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லுக்கு உறவுகளும் முளைத்தன. எதிராளியின் தாய்மொழியில் நாம் பேசினால் 'அலிகதோரி'. அந்த ஜப்பானியரும் தமிழரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால், இருவருக்குமே அது தாய்மொழியில்லை, அது 'கைமானி'.