ஒரு பாதுகாப்புக் குறைபாட்டுக்கு எண் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது?

[திரையில்: சிவிஇ-2014-0160]

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது, ஹார்ட்பிளீட் என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்பட்ட பாதுகாப்புக் குறைபாட்டின் பதிவு எண். இணையத்தில் செல்லும் தகவல்களை மறையாக்கம் செய்ய ஏராளமான சர்வர்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல நிரல் நூலகத்தில், 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்போடு இது நுழைந்தது. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் வெளியே தெரியவந்தது. எதிர்முனை தான் அனுப்பியதாகச் சொல்லும் தகவலின் நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதால், மிகச் சிறிய தகவலை அனுப்பிவிட்டு, சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை ஒவ்வொரு முறையும் உருவிக்கொள்ள முடிந்தது. அதில் கடவுச்சொற்களும் இருக்கலாம், மறையாக்கச் சாவியே கூட இருக்கலாம்.

பிழையைத் திருத்தச் சில வரிகள் போதுமானவையாக இருந்தன. ஆனால் அந்த நூலகத்தைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும், "எங்களிடம் இருக்கும் பதிப்பு பாதிக்கப்பட்டதா, திருத்தம் அதில் வந்துவிட்டதா?" என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. அந்த விடையைப் பதிவுசெய்து, நாள்தோறும் சரிபார்த்து வைத்திருக்கும் வேலையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரே பொது எண்ணைத் தரும் சிவிஇ என்ற முறை 1999இல், மைட்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறுப்பில் தொடங்கியது. அதற்கு முன்பு ஒரே குறைபாட்டை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் அழைத்ததால், இரண்டு அறிக்கைகள் ஒன்றைப் பற்றியவையா, இரண்டைப் பற்றியவையா என்பதே தெளிவாகத் தெரியாது. இன்று எண் வழங்கும் அதிகாரம் பல அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் திட்டமும், இணையத்தில் தகவலைப் பரிமாறப் பயன்படும் கர்ல் என்ற கருவியின் திட்டமும் 2024இல் அந்த அதிகாரத்தைப் பெற்றன.

ஆனால் எண் வெளியாவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. குறைபாட்டைக் கண்டவர் முதலில் திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் தெரிவிப்பார். திருத்தம் தயாராகும் வரை அது வெளியே பேசப்படாது. லினக்ஸோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்கள் தங்களுக்குள் பகிரும் செய்திகளுக்கு, இந்த இரகசியக் காலம் அதிகபட்சம் 14 நாட்கள். மூடிய மென்பொருளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. திருத்தம் பொதுக் களஞ்சியத்தில் சேரும் கணத்தில் எல்லோரும் அதைப் படிக்கலாம். எந்த வரி மாறியது என்பதைப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று ஊகித்துவிடலாம். ஆகவே திருத்தத்தைச் சேர்ப்பதும் புதிய பதிப்பை வெளியிடுவதும் கூடியவரை அடுத்தடுத்து நடக்க வேண்டியிருக்கிறது.

[திரையில்: 9.8 என்ற எண், மெல்ல 3.3 ஆக மாறுகிறது]

அடுத்தது மதிப்பெண். சிவிஎஸ்எஸ் என்ற முறைப்படி குறைபாட்டின் கடுமையை 0 முதல் 10 வரை அளக்கிறார்கள். இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் கர்ல் திட்டத்துக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுமுயற்சிக்கு முன் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை விருப்பத்தில், மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால் நிரல் வைத்திருக்கக்கூடிய அளவை அது மீறி, கணக்கு தவறாகிவிடும். பயனர் தானே தன் கணினியில் கொடுக்கும் எண் அது. விளைவாகக் காத்திருக்கும் நேரம் மாறும், அவ்வளவுதான். 2019இலேயே திருத்தப்பட்டுவிட்ட அந்தச் சாதாரணப் பிழைக்கு, திட்டத்தினருக்குத் தெரியாமல் யாரோ சிவிஇ-2020-19909 என்ற எண்ணைப் பெற்றிருந்தார்கள். 2023இல் அது வெளியானபோது அமெரிக்காவின் தேசியக் குறைபாட்டுத் தரவுத்தளம் 9.8 என்ற மதிப்பெண்ணை வழங்கியது. கர்ல் திட்டம் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அது 3.3 ஆகக் குறைந்தது. நிரலை எழுதிப் பராமரிப்பவர்களைக் கேட்காமல் தரப்படும் மதிப்பெண்ணை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இனி, பதிவேடுகளிலேயே எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றும் ஒன்றைப் பார்ப்போம். லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் திட்டம், வெளியாகும் ஒவ்வொரு சிவிஇ எண்ணையும் பொதுக் களஞ்சியத்தில் இருக்கும் ஓர் எளிய உரைக் கோப்பில் பதிவுசெய்கிறது. டெபியனில் இல்லாத மென்பொருளைப் பற்றிய எண் என்றால் "நமக்கானதல்ல" என்ற பொருள்படும் குறிப்பு சேரும். மற்றவற்றுக்கு எந்தத் தொகுப்பு (நிறுவுவதற்கேற்பக் கட்டித் தரப்படும் மென்பொருள்), எந்த வெளியீடு, திருத்தப்பட்டதா, பாதிப்பே இல்லையா என்ற விவரங்கள் வரும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அதைப் படித்து முடிவுசெய்த ஒரு மனிதர் இருக்கிறார்.

[திரையில்: 1.0.1இ-2+டெப்7யு5]

அந்த மனிதரின் உழைப்பு ஏன் தேவை என்பதை இந்தப் பதிப்பு எண் காட்டுகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் ஹார்ட்பிளீடை 1.0.1ஜி பதிப்பில் திருத்தியது. டெபியனோ தன் நிலையான வெளியீட்டில் புதிய பதிப்புக்குத் தாவாமல், பழைய 1.0.1இ பதிப்பிலேயே அந்தத் திருத்தத்தை மட்டும் சேர்த்தது. முன்பகுதியை மட்டும் ஒப்பிடும் சோதனைக் கருவி, இதை இன்னும் பாதிக்கப்பட்டது என்றே சொல்லும். பின்னொட்டையும் டெபியனின் பதிவேட்டையும் சேர்த்துப் படிக்கும் கருவிதான் உண்மையைச் சொல்லும்.

2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் ஒரு பின்கதவு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருப்பது தெரியவந்தபோது, இதைவிட விசித்திரமான பதிப்பு எண் தேவைப்பட்டது. டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அந்தப் பதிப்புகள் போய்ச்சேரவில்லை. சோதனையில் இருந்த வெளியீடுகள் மட்டும் பழைய நிரலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தொகுப்பு மேலாண்மைக் கருவி வழக்கமாகப் பெரிய எண்ணை நோக்கித்தான் நகரும் என்பதால், "5.6.1+ரியலி5.4.5-1" என்று பெயரிட்டு, உள்ளே இருப்பது உண்மையில் 5.4.5தான் என்பதை எண்ணிலேயே எழுதிவிட்டார்கள்.

ஒரு நூலகம் இன்னொரு மென்பொருளுக்குள் புதைந்திருக்கும்போது வேலை இன்னும் கடினமாகிறது. 2021 டிசம்பரில் மென்பொருளின் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கப் பயன்படும் லாக்4ஜே நூலகத்தின் குறைபாடு 10 என்ற முழு மதிப்பெண்ணுடன் வெளியானபோது, பல நிறுவனங்களுக்குத் தாங்கள் அதைப் பயன்படுத்துவதே தெரிந்திருக்கவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்த வேறொரு மென்பொருளின் வழியாக அது வந்து சேர்ந்திருந்தது. 2.15.0 பதிப்பில் வந்த திருத்தம் முழுமையற்றதாகிவிட, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதத்துக்குள்ளேயே பதிப்புகள் தொடர்ந்தன. அவற்றில் திருத்தப்பட்ட ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனித்தனி சிவிஇ எண் இருந்ததால்தான், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று சொல்ல முடிந்தது.

இத்தகைய தேடலைக் கருவிகளே செய்ய உதவும் வகையில், 2021இல் கூகுள் தொடங்கிய ஓஎஸ்வி தரவுத்தளம், குறைபாடு எந்தப் பதிப்பில் அல்லது எந்த நிரல் மாற்றத்தில் நுழைந்தது, எதில் திருத்தப்பட்டது என்பதைக் கணினி படிக்கும் வடிவில் பதிவுசெய்கிறது. இதில் திருத்தப்பட்ட இடத்தைச் சொல்வது எளிது. நுழைந்த இடத்தைச் சொல்ல, பல ஆண்டு நிரல் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டி, பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் ஒரு திறந்த மூலத் திட்டத்தைப் பராமரிப்பவர் என்றால், உங்கள் பாதுகாப்பு அறிவிப்பில் அந்த ஒரு வரியை நீங்களே எழுதிவிடுங்கள். நிரலை அறியாத இன்னொருவர் அதை ஊகித்து எழுதினால், பாதிக்கப்படாத பழைய பதிப்புகளையும் பட்டியலில் சேர்த்துவிடுவார், அல்லது பாதிக்கப்பட்ட ஒன்றை விட்டுவிடுவார்.